அக்கம்பக்கத்தாரின் கடன்: இங்கிலாந்தின் ஹண்ட்ரட்

10ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஒரு குடியானவரின் மாடு களவு போனால், ஓடிப்போய் முறையிட அங்கே காவல் நிலையம் கிடையாது. அரசர் ஒரு மாளிகையிலிருந்து இன்னொரு மாளிகைக்குப் பரிவாரத்தோடு நகர்ந்துகொண்டே இருப்பார். ஷயர் எனப்பட்ட மாவட்டத்தின் மன்றம் ஆண்டுக்கு 2 முறைதான் கூடும். குடியானவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஹண்ட்ரட். ஷயருக்குக் கீழே, பல ஊர்களை ஒன்றுசேர்த்து வகுத்த வட்டாரம் அது. அதற்கு ஒரு தலைவர் உண்டு; 4 வாரத்துக்கு ஒருமுறை திறந்த வெளியில் கூடும் மன்றமும் உண்டு.

அந்த மன்றம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறிய சட்டம் நமக்குக் கிடைத்திருக்கிறது. எட்கர் அரசரின் சட்டங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தாலும் அதில் எந்த அரசரின் பெயரும் இல்லை. களவு தெரிந்ததும் ஹண்ட்ரட் தலைவருக்குச் சொல்ல வேண்டும். அவர் தமக்குக் கீழுள்ள பதின்மர் குழுத் தலைவர்களுக்குச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து கள்ளனைத் தேடிப் புறப்பட வேண்டும். குளம்புத் தடம் பக்கத்து ஹண்ட்ரடுக்குள் போனால் அங்குள்ள தலைவரும் தேடலில் சேர வேண்டும். சேராவிட்டால் அரசருக்கு 30 ஷில்லிங் தண்டம். ஹண்ட்ரடின் தீர்ப்பை மதிக்காதவருக்கு முதல்முறை 30 பென்னி, இரண்டாம் முறை 60, மூன்றாம் முறை அரை பவுண்டு. நான்காம் முறை அவர் உடைமை அனைத்தையும் இழந்து, சட்டத்தின் காப்புக்கு வெளியே தள்ளப்படுவார். பசுவின் கழுத்து மணி, நாயின் கழுத்துப் பட்டை, ஊதுகொம்பு என்ற மூன்றில் ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங் பெறும். மூன்றுமே தகவல் சொல்லிகளாகக் கொள்ளப்படும் என்றும் அந்தச் சட்டம் விதிக்கிறது. மணியோசை நகர்ந்தால் மாடு நகர்கிறது என்று அறிந்த, மந்தையோடு வாழ்ந்த மனிதர்கள் எழுதிய சட்டம் என்பது அந்த ஒரு விதியிலேயே தெரிகிறது.

இந்தச் சட்டத்தின் அடிப்படை நினைப்புதான் இந்தக் கட்டுரையின் பொருள். குற்றத்துக்குக் குற்றவாளி மட்டும் பொறுப்பல்ல. அவனைப் பிடிக்கத் தவறிய அக்கம்பக்கமும் பொறுப்பு. இந்த நினைப்பு ஏறக்குறைய 900 ஆண்டுகள் இங்கிலாந்தின் சட்டத்தில் உயிரோடு இருந்தது. மன்றங்கள் வெறிச்சோடிய பிறகும், ஹண்ட்ரட்கள் தனியார் சொத்தாகக் கைமாறிய பிறகும், யாரும் அவற்றின் எல்லையை நினைவில் வைத்திருக்காத காலத்திலும்கூட அந்தப் பணப்பொறுப்பு மட்டும் போகவில்லை.

ஹண்ட்ரட் என்றால் நூறு. எதில் நூறு என்பதற்கு மிகத் தெளிவான விடை ஹைட். அது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்ற எண்ணத்தில் பிறந்த வரி அளவு. ஏட்டுக் கணக்கில் 120 ஏக்கர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இந்தக் கணக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது: உஸ்டர்ஷயருக்கு 1,200 ஹைட், 12 ஹண்ட்ரட். யாரோ மேலிருந்து உட்கார்ந்து வகுத்த வேலை என்பது அங்கே ஐயமறத் தெரிகிறது. தெற்கே போனால் கணக்கு சிதறிவிடுகிறது. கெண்ட் மாவட்டத்தில் 60க்கும் மேற்பட்ட ஹண்ட்ரட்கள் இருந்தன. பரப்பில் அதைவிடச் சற்றே சிறிய ஸ்டாஃபர்ட்ஷயரில் 5 மட்டுமே. டேனியர் குடியேறிய லிங்கன்ஷயர், யார்க்‌ஷயர், நாட்டிங்ஹம்ஷயர் போன்ற இடங்களில் இதே வட்டாரத்துக்கு வேப்பன்டேக் என்று பெயர். பெயர் வேறானாலும் வேலை ஒன்றுதான்.

மன்றம் கூடிய இடங்கள் பெரும்பாலும் ஊர்களில் இல்லை. ஆற்றுத் துறை, நாற்சந்தி, தனி மரம், நட்ட கல், மண்மேடு என்று எந்த ஒரு ஊருக்கும் தனிச் சொந்தமில்லாத இடங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. இன்றைய மில்டன் கீன்ஸ் நகரின் மைய நூலகத்துக்குப் பின்னால் செக்லோ என்ற சிறு மேடு இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அதை அகழ்ந்து பார்த்தபோது உள்ளே கல்லறை எதுவும் இல்லை. ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் கூட்டத்துக்கென்றே மண் குவித்து எழுப்பிய மேடு அது.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு பழைய ஆசை குறுக்கே நிற்கிறது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானியரைப் பற்றி எழுதும்போது, நீதி வழங்கும் தலைவர்களுடன் நூறு பேர் துணையிருந்ததாகச் சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர்கள் பலர் அந்த நூறு பேரையும் 10ஆம் நூற்றாண்டின் ஹண்ட்ரடையும் ஒரே கோட்டில் இணைத்து, காட்டில் பிறந்த ஆதிச் சுதந்திரம் நாடாளுமன்றம்வரை வளர்ந்தது என்று நம்பினார்கள். இடையே ஏறக்குறைய 850 ஆண்டு வெற்றிடம் இருக்கிறது. எட்மண்ட் அரசரின் காலத்துக்கு, அதாவது 939க்கு முன், எந்த ஆங்கிலச் சட்டமும் ஹண்ட்ரடைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மாறாக, 6ஆம் நூற்றாண்டு ஃபிராங்க் அரசர்களின் சட்டத்தில் சென்டெனா என்ற நூற்றுவர் பிரிவு இருக்கிறது. களவுக்கு அந்தப் பிரிவு முழுவதும் ஈடுகட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. கூடும் மேடுகளும் மரங்களும் மிகப் பழையவையாக இருக்கலாம். மக்கள் அங்கே நெடுங்காலமாகக் கூடியும் இருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தின் கையில் அபராதப் பட்டியலைக் கொடுத்து, நாடு முழுவதும் ஒரே கடமையை ஏற்றிவைத்தவர்கள் 10ஆம் நூற்றாண்டு அரசர்கள். என் கணிப்பில் ஹண்ட்ரட் மக்களின் உரிமையாகப் பிறந்ததல்ல. மக்கள் மீது அரசு ஏற்றிய கடனாகப் பிறந்தது. அந்தக் கடனை அடைத்து அடைத்துத்தான் மக்களுக்குப் பேசும் இடம் கிடைத்தது.

அந்த இடம் எவ்வாறு விரிந்தது என்று பார்க்கலாம். எட்கரின் இன்னொரு சட்டம் ஒவ்வொரு ஹண்ட்ரடுக்கும் 12 நிலையான சாட்சிகளை நியமிக்கச் சொன்னது. கால்நடை வாங்குவதும் விற்பதும் அவர்கள் அறிய நடக்க வேண்டும். ஏறக்குறைய 997இல் ஏத்தல்ரெட் அரசர் வான்டேஜ் என்ற இடத்தில் பிறப்பித்த சட்டம், ஒவ்வொரு வேப்பன்டேக்கிலும் 12 முதன்மை நிலவுடைமையாளர்கள் புனிதப் பொருள்களைத் தொட்டுச் சத்தியம் செய்யக் கோரியது: குற்றமற்றவர் மீது பழி போட மாட்டோம், குற்றவாளியை மறைக்க மாட்டோம். பின்னர் கனூட் அரசர், 12 வயதைத் தாண்டிய சுதந்திர ஆண் ஒவ்வொருவரும் ஒரு ஹண்ட்ரடிலும் ஒரு பதின்மர் குழுவிலும் சேர்ந்திருக்க வேண்டும் என்றார். 1166இல் இரண்டாம் ஹென்றி ஹண்ட்ரடுக்கு 12 பேர், ஊருக்கு 4 பேர் என்று அழைத்து, யார் யார் கொள்ளையர், கொலைகாரர் என்று சத்தியத்தின் மீது சொல்ல வைத்தார். குற்றம் சாட்டும் பெருநடுவர் குழு இங்கிருந்து வளர்ந்தது. இங்கிலாந்து அதை 1933இல் கைவிட்டது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் அது இன்றும் இருக்கிறது.

1066இல் நார்மன்கள் வந்தபோது இந்தக் கருவி அவர்கள் கைக்கு ஆயத்தமாக இருந்தது. 1086இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பில் நிலம் யாருடையது என்று ஒவ்வொரு ஹண்ட்ரடின் நடுவர்களும் சத்தியம் செய்து சொன்னார்கள். கேம்பிரிட்ஜ்ஷயருக்குக் கிடைத்துள்ள ஆவணத்தில் அவர்களின் பெயர்ப் பட்டியல்களே இருக்கின்றன: பாதி பிரெஞ்சுக்காரர், பாதி ஆங்கிலேயர். வென்றவனும் தோற்றவனும் 20 ஆண்டுக்குள் ஒரே வரிசையில் நின்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் அதே நார்மன்கள் கொண்டுவந்த முர்ட்ரம் என்ற தண்டம், கூட்டுப் பொறுப்பின் மிகக் கொடிய வடிவம். ஒரு நார்மன் கொல்லப்பட்டுக் கிடந்து, கொலையாளி 5 நாளில் பிடிபடாவிட்டால் 46 மார்க் கட்ட வேண்டும்; கொலையாளியின் பிரபுவால் கட்ட முடியாத பாக்கி ஹண்ட்ரட் தலையில் விழும். 46 மார்க் என்பது 30 பவுண்டுக்கும் மேல். அன்றைக்கு மலைக்க வைக்கும் தொகை. பிணம் ஆங்கிலேயனுடையது என்று உறவினர் வந்து மெய்ப்பித்தால் தண்டம் இல்லை. மெய்ப்பிக்க யாரும் இல்லாத வழிப்போக்கர் நார்மனாகவே கருதப்பட்டார். 1170களின் இறுதியில் அரசுக் கருவூலத்தைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல், இரு இனமும் மணவுறவால் கலந்துவிட்டதால் சுதந்திரக் குடிகளில் யார் யாரென்று பிரித்தறிய முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியிருந்தும் தண்டம் நீடித்தது, வருமானம் வந்துகொண்டிருந்ததால். செல்வாக்குள்ள மடங்களும் பிரபுக்களும் தங்கள் குடிகளுக்கு விலக்கு வாங்கிக்கொள்ள, சுமை மீதிப் பேர் மீது இன்னும் கனமாக இறங்கியது. விபத்தில் இறந்தவருக்கும் வசூலிக்கும் அநியாயத்தை 1259இன் சீர்திருத்தம் தடுத்தது. தண்டம் முற்றாக ஒழிந்தது 1340இல்.

அரசு ஏற்றிய கடனிலிருந்து வருமானம் வருகிறது என்றால், அந்த வருமானத்தை வாங்கவும் கொடுக்கவும் முடியும். உஸ்டர்ஷயரின் 12 ஹண்ட்ரட்களில் 7இல் ஷயரில் அரசரின் அதிகாரியான ஷெரிஃபுக்கு எந்த உரிமையும் இல்லை என்று டூம்ஸ்டே புத்தகம் பதிவு செய்கிறது. அவற்றில் 3 உஸ்டர் பேராலயத்தின் ஆஸ்வால்ட்ஸ்லோ என்ற உரிமைப் பகுதியில் அடங்கும். இதைவிடப் பெரியது, மேற்கு சஃபோக்கின் எட்டரை ஹண்ட்ரட். நார்மன்களுக்கு முன் ஆண்ட எட்வர்ட் அரசர் அதைப் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக்குக் கொடுத்தார். அங்கே ஷெரிஃபின் வேலையை மடாதிபதியின் ஆட்கள் செய்தார்கள். அபராதமும் மன்ற வருமானமும் மடத்துக்கு.

1182இல் மடாதிபதியான சாம்சன் அந்த உரிமையை எப்படிக் காத்தார் என்பதை அவருடைய மடத்துத் துறவியான பிரேக்லண்ட் ஜாசலின் நேரில் பார்த்தவரின் துடிப்போடு எழுதிவைத்திருக்கிறார். எட்டரை ஹண்ட்ரடுக்கு உள்ளே ஈலி என்ற ஊர் கேன்டர்பரி பேராயரின் நிலம். அங்கே ஒரு கொலை நடந்தது. கொலையாளிகளை மடத்தின் மன்றத்துக்கு அனுப்பப் பேராயரின் அதிகாரிகள் மறுத்தார்கள். சாம்சன் ஏறக்குறைய 80 ஆயுதந்தரித்த ஆட்களைத் திடீரென்று அனுப்பி 3 பேரைக் கட்டித் தூக்கிவந்து சிறையில் அடைத்தார். வழக்கு இரண்டாம் ஹென்றியின் முன் வந்தது. இரு தரப்பும் பட்டயம் நீட்டின. இரண்டும் அதே எட்வர்ட் அரசரின் பெயரால் வழங்கப்பட்டவை. அரசர் என்ன தீர்ப்புச் சொல்வதென்று தெரியாமல் திகைத்தார். பட்டயம் எப்படியிருந்தாலும் அனுபோகம் எங்களிடம் இருக்கிறது, மாவட்டத்தாரின் சாட்சியத்துக்கு நாங்கள் உடன்படுகிறோம் என்றார் சாம்சன். பேராயர் அதை ஏற்கவில்லை. அரசர் சினந்து எழுந்து, முடிந்தவன் எடுத்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொலையுண்டவர் யார், ஏன் கொல்லப்பட்டார் என்பதில் அங்கே யாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. வழக்கு முழுவதும் விசாரிக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியே. நீதி சொத்தாகிவிட்டால் நடப்பது இதுதான். அந்த எட்டரை ஹண்ட்ரடின் எல்லைக்கோடோ மடம் அழிந்த பிறகும் அழியவில்லை: 1889 முதல் 1974 வரை மேற்கு சஃபோக் தனி நிர்வாக மாவட்டமாக அதே வட்டத்துக்குள் இருந்தது.

அரசரின் கையிலிருந்த ஹண்ட்ரட்களின் நிலையும் நன்றாக இல்லை. ஷெரிஃப் மாவட்டத்தை அரசரிடம் குத்தகைக்கு எடுப்பார். ஹண்ட்ரட்களை உள்குத்தகைக்கு விடுவார். எடுத்தவர் போட்ட பணத்துக்கு மேல் மக்களிடம் கறப்பார். மாவட்டங்களையும் ஹண்ட்ரட்களையும் பழைய குத்தகைத் தொகைக்கே விட வேண்டும், கூட்டக்கூடாது என்று 1215இன் மாக்னா கார்ட்டா 25ஆம் விதியில் எழுதியது இந்த வலியால்தான். இரண்டாண்டு கழித்து வந்த மறுபதிப்பு, ஷெரிஃப் ஹண்ட்ரடுக்கு வரும் சுற்றை ஆண்டுக்கு 2 முறை என்று வரையறுத்தது. இதற்குள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடத் தொடங்கியிருந்த மன்றத்தை 1234இல் 3 வாரத்துக்கு ஒருமுறை என்று தளர்த்தினார்கள். உழவு வேலையை விட்டுவிட்டு மன்றத்துக்கு நடப்பதே ஏழைக்கு ஒரு வரி.

1274 ஆகஸ்டில் சிலுவைப் போரிலிருந்து திரும்பி முடிசூடிய முதலாம் எட்வர்ட், இரண்டு மாதத்துக்குள் ஒரு விசாரணையைத் தொடங்கினார். அக்டோபர் 11 அன்று ஆணை பிறந்தது. ஆணையர்கள் நாடெங்கும் போய், ஒவ்வொரு ஹண்ட்ரடின் நடுவர்களையும் அழைத்து, 40க்கு மேற்பட்ட கேள்விகளைக் கேட்டார்கள். அரசருக்குரிய எந்த நிலம், எந்த உரிமை யாரிடம் போயிருக்கிறது, எந்த உத்தரவின் பேரில் என்பது ஒரு பாதி. ஷெரிஃபும் அவருடைய ஆட்களும் என்னென்ன அநியாயம் செய்தார்கள் என்பது மறுபாதி. லஞ்சம் வாங்கிக்கொண்டு பணக்காரரை நடுவர் குழுவிலிருந்து விடுவித்து ஏழையை நிறுத்தினார்களா, கடன் வசூலித்துவிட்டுக் கணக்கில் காட்டாமல் விட்டார்களா, காரணமின்றிச் சிறைவைத்துப் பணம் பறித்தார்களா?

பதில்கள் கொட்டின. ஹண்ட்ரட் ரோல்ஸ் என்ற பெயரில் அந்தச் சுருள்கள் இன்று பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1812, 1818 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பெருந்தொகுதிகளாக அச்சேறின. நடுவர்கள் தங்கள் முத்திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டதால் சுருள்களின் ஓரம் கந்தலாகத் தெரியும். அந்தத் தோற்றத்தாலேயே அவற்றுக்கு ராக்மன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1930இல் வரலாற்றாசிரியர் ஹெலன் கேம் இவற்றை முழுமையாக ஆராய்ந்து எழுதினார். அவர் கணக்கின்படி அந்தக் காலத்து 628 ஹண்ட்ரட்களில் 358 தனியார் கையில். அரசரிடம் எஞ்சியது 270.

300 ஆண்டுகளாக அரசருக்குப் பதில் சொல்லியே பழகியவர்கள், இம்முறை அரசரின் ஆட்களைப் பற்றிப் பதில் சொன்னார்கள். ஹண்ட்ரடின் முழு வரலாற்றிலும் எனக்கு மிக முக்கியமாகப் படும் தருணம் இதுதான். பொறுப்பு சுமத்தப்பட்டவர்களுக்குச் சத்தியம் செய்யும் பழக்கம் இருந்தது, ஒன்றுகூடிப் பேசி ஒரே சொல்லாகச் சொல்லும் பயிற்சி இருந்தது, முத்திரை வைத்திருந்தார்கள். அதனால் முறையிடவும் அவர்களால் முடிந்தது. உடனடியாகத் தண்டிக்கப்பட்ட அதிகாரிகள் குறைவு என்பது உண்மை. ஆனாலும் 1275இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இயற்றிய 51 பிரிவுகள் கொண்ட சட்டத்தில் இந்த முறையீடுகளின் தடம் பல இடங்களில் தெரிகிறது. தனியாரிடம் போன ஹண்ட்ரட்களை மீட்கும் முயற்சி 1278 முதல் வழக்கு வழக்காக நடந்து, 1290இல் ஒரு சமரசத்தில் முடிந்தது: 1189இல் முதலாம் ரிச்சர்ட் அரியணை ஏறியதற்கு முன்பிருந்தே அனுபவித்து வருவதாகக் காட்டினால் உரிமை நிலைக்கும்.

1285இன் வின்செஸ்டர் சட்டம் பழைய கூட்டுப் பொறுப்புக்குப் புது உயிர் கொடுத்தது. கொள்ளையர் பிடிபடாவிட்டால் கொள்ளை போனதற்கு ஹண்ட்ரட் ஈடுகட்ட வேண்டும். சந்தை ஊர்களுக்கிடையே உள்ள நெடுஞ்சாலையின் இருபுறமும் 200 அடிக்குப் புதரும் பள்ளமும் இருக்கக்கூடாது. பெரிய மரங்களுக்கு மட்டும் விலக்கு. நாட்டின் வணிகம் பெருகப் பெருக இந்தச் சட்டம் சாலையோர மக்களை வாட்டியது. லண்டனிலிருந்து மேற்கே போகும் சாலையில் மெய்டன்ஹெட் அருகே ஓர் அடர்ந்த புதர்க்காடு உண்டு. வழிப்பறிக்குப் பேர்போன இடம். அது இருந்த பெய்ன்ஹர்ஸ்ட் ஹண்ட்ரட் மிகச் சிறியது. தங்களுக்கு முன்பின் தெரியாத வணிகர்களின் இழப்பை அதன் குடிகள் கட்டிக் கட்டி மாய்ந்தார்கள். 1597-98 நாடாளுமன்றம் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி விலக்குக் கொடுத்தது. அதற்கு முன் 1585இல், துரத்த வராத பக்கத்து ஹண்ட்ரட் பாதித் தொகையை ஏற்க வேண்டும் என்றும், வசதியுள்ள ஓரிருவரிடமே முழுத் தொகையையும் பறிக்காமல் எல்லார் மீதும் பங்கிட வேண்டும் என்றும் திருத்தினார்கள். 1677இன் ஞாயிறு ஒழுங்குச் சட்டம், ஓய்வுநாளில் பயணம் போய்க் கொள்ளை கொடுத்தவருக்கு ஹண்ட்ரட் ஈடுகட்ட வேண்டியதில்லை என்றது.

இதற்குள் ஹண்ட்ரடின் மற்ற வேலைகளை மாவட்ட நீதிபதிகளும் திருச்சபை வட்டாரங்களும் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு ஹண்ட்ரட் பெயரை இன்று செய்தித்தாள் வாசகர் கேட்டிருந்தால் அது பெரும்பாலும் சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்: பக்கிங்ஹம்ஷயரின் ஸ்டோக், டெஸ்பரோ, பர்னம் என்ற மூன்றும் சேர்ந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் நேரடியாகப் பதவி விலக முடியாது என்பதால், வேலையே இல்லாத அதன் மேலாளர் பதவியை ஏற்று இருக்கையை இழப்பார். 1751 முதல் இந்த வழி பயன்பட்டு வருகிறது.

பணப்பொறுப்பு மட்டும் இன்னொரு வடிவில் வளர்ந்தது. 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டம், கலகக் கூட்டம் இடித்த கட்டடங்களுக்கு ஹண்ட்ரட் ஈடுதர வேண்டும் என்றது. 1791 ஜூலையில் பர்மிங்ஹமில், ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லியின் வீடும் ஆய்வகமும் எரிக்கப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்ததும் மாற்றுச் சமயக் கொள்கையும் அவர் செய்த குற்றம். ஹெம்லிங்ஃபர்ட் ஹண்ட்ரட் மீது வழக்குப் போட்டு அவர் ஏறக்குறைய 2,500 பவுண்டு பெற்றார். கேட்டது அதைவிட 1,000 பவுண்டுக்கு மேல் அதிகம். 1827இன் சட்டம் வழிப்பறிக்கான பொறுப்பை நீக்கி, கலகச் சேதத்துக்கானதை மட்டும் வைத்துக்கொண்டது. 1831 அக்டோபரில் வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் அவை தோற்கடித்ததும், அதை எதிர்த்த நியூகாசில் கோமகனின் நாட்டிங்ஹம் கோட்டை மாளிகையை மக்கள் கொளுத்தினார்கள். கோமகனுக்கு 21,000 பவுண்டு ஈடு வழங்கப்பட்டது. கட்டியவர்கள் பிராக்ஸ்டோ ஹண்ட்ரடின் குடிகள். டூம்ஸ்டே புத்தகத்தில் வேப்பன்டேக்காக இடம்பெற்ற அதே வட்டாரம். வாக்குரிமை இல்லாத பலர் வரியின் வழியாக அந்த மாளிகைக்கு விலை கொடுத்தார்கள்.

1886இன் கலகச் சேதச் சட்டம் இந்தப் பொறுப்பை ஹண்ட்ரடிடமிருந்து எடுத்துக் காவல்துறைக்கான வரியின் மீது வைத்தது. காசு கொடுப்பவர் மாறினார். எதற்குக் கொடுக்க வேண்டும் என்ற வரம்பு மாறவில்லை. 2011 ஆகஸ்டில் லண்டன் கலகத்தில் என்ஃபீல்டிலுள்ள சோனி நிறுவனக் கிடங்கு எரிந்தபோது, கட்டடத்துக்கும் சரக்குக்கும் மட்டுமா, இழந்த லாபத்துக்கும் வாடகைக்குமா ஈடு என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2016 ஏப்ரலில் தீர்ப்பளித்த நீதிபதிகள், கலகச் சட்டக் காலத்து ஹண்ட்ரட் குடிகள் எந்த இழப்புக்குப் பொறுப்பாக்கப்பட்டார்கள் என்ற வரலாற்றையும் ஆராய்ந்து, பொருள் சேதத்துக்கு மட்டுமே என்று முடிவு செய்தார்கள். அதே ஆண்டு இயற்றிய கலக இழப்பீட்டுச் சட்டம் 1886இன் சட்டத்தை நீக்கி, ஒரு கோரிக்கைக்கு 10 லட்சம் பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தது. காவல்துறை மீது தவறு இருந்ததா இல்லையா என்று அந்தச் சட்டமும் கேட்பதில்லை. கலகம் நடந்தது என்பதே ஈட்டுக்குப் போதும்.